ஈரம் காயாத கொல்லை

தினமும் விடிந்ததும் ஸ்கூட்டர் சீட்டை உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பாள் கனகம். கை சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் முகம் சுருங்கும். லேசான ஈரம் என்றால் தானே தலையாட்டிக்கொள்வாள். ஸ்கூட்டர் அவளுடையதல்ல. நெய்வேலி பதினோராவது பிளாக்கில், அடுத்த குவார்ட்டர்ஸ் கோபாலகிருஷ்ணனுடையது. "உங்களுக்கு எதுக்குங்க இந்தச் சிரமம்?" என்று ஒருநாள் கேட்டார். "கொல்லையில எவ்ளோ பனி பெஞ்சிருக்குதுன்னு பாக்கறேங்க" என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. தினமும் சீட் துடைத்துக் கிடைப்பது நின்றுவிடக் கூடாதே என்று மேற்கொண்டு கேட்கவுமில்லை.

கணவர் சிங்காரவேல் மைன்ஸில் பெர்மனென்ட். குழாய்த் தண்ணீர், மின்விசிறி, சிமெண்டுத் தரை எல்லாம் உள்ள வீடு கனகத்துக்கு ராத்தங்கும் இடம் மட்டுமே. அவர் முதல் ஷிப்டுக்குக் கிளம்பியதும் தூக்குவாளியோடு கம்மாபுரத்துக் கொல்லைக்கு, அதாவது தன் புன்செய் நிலத்துக்கு, பஸ்ஸைப் பிடிப்பாள். ஜன்னலோரம் உட்கார்ந்து ஊரார் பயிரையெல்லாம் உரக்க விமர்சனம் செய்துகொண்டே போவாள். கொல்லையில் இறங்கியதும் சிங்காரவேலின் பழைய மைன்ஸ் ஹெல்மெட் தலைக்கு ஏறிவிடும். "வெயிலுக்கும் ஆவும், வெதை அள்ளவும் ஆவும்" என்பாள்.

கொல்லை முழுக்க மல்லாட்டை. ஊருக்கு வெளியே வேர்க்கடலை என்றால்தான் தெரியும். போன வருஷம் பக்கத்துக் கொல்லை சாமியம்மாளின் ஆடுகள் அதில் புகுந்து ஒரு முற்பகல் முழுக்க மேய்ந்தன. வார்த்தை தடித்தது, பேச்சு நின்றது. இந்தத் தடவை விதைக்கும் முன்பே, சாமியம்மாள் இருக்கும் கிழக்குப் பக்கம் நெடுக, ஆள் உயரத்துக்கு விரல் நுழையாத ஓலைப் படல் கட்டிவிட்டாள் கனகம். கட்டி முடித்து, தள்ளி நின்று பார்த்தபோது அவளுக்கே பெருமையாக இருந்தது.

1979 மாசியில் வந்தது நோவு. அடியிலைகளில் மிளகளவு கறுப்புப் புள்ளி, சுற்றிலும் மஞ்சள் வளையம். படலோரம் தொடங்கி உள்ளே நகர்ந்தது. இலைகள் கொட்டிக் காம்பு காம்பாகச் செடி நின்றது. கந்தகத் தூளைத் துணியில் மூட்டையாகக் கட்டி, பனி ஈரம் காயுமுன் செடிக்குச் செடி தட்டினாள். திரும்பும்போது கந்தக நாற்றத்தில் பஸ்ஸில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. புள்ளியோ நிற்கவில்லை.

விவசாய ஆபீசிலிருந்து பன்னீர்செல்வம் சைக்கிளில் வந்தார். படலோரச் செடிக்குள் கையை விட்டார். பிறகு நடுக்கொல்லையில் விட்டார்.

"நடுவுல எல்லாம் காஞ்சுபோச்சும்மா. படலோரம் வெயில் ஏறியும் ஈரம் போவல. பகல்ல சூடு, ராத்திரியில பனி, இது ரெண்டும் இருந்தா பூஞ்சாணத்துக்குக் கொண்டாட்டம். இலை சீக்கிரம் காஞ்சிட்டா இவ்ளோ பரவாது. உங்க படல் காலை வெயிலையும் காத்தையும் மறிச்சிகினு நிக்குது."

"இன்னும் ரெண்டு வாட்டி கந்தகம் போட்டுடறேன் சார்."

"போடுங்க. ஆனா படல் இருந்தா திரும்பவும் வரும்."

"படலைப் பிரிச்சா ஆடு வரும்!"

"ஆட்டுக்கு எங்கிட்ட மருந்து இல்லீங்க" என்று அவர் சைக்கிளை எடுத்தார்.

அன்று ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. "கொல்லையக் குத்தகைக்கு உட்டுட்டு நிம்மதியா வூட்ல இரேன்" என்றார் சிங்காரவேல். "நீங்க மைன்ஸ உட்டுட்டு வாங்க, நான் கொல்லைய உடறேன்" என்றாள்.

மறுநாள் கட்டுக் கயிறுகளை அவளே அரிவாளால் அறுத்துப் படலைச் சாய்த்தாள். அந்தப் பக்கம் தழை ஒடித்துக்கொண்டிருந்த சாமியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். மறைக்க இருவருக்கும் நடுவே ஒன்றுமில்லை.

"யக்கா, பயிர்ல நோவு வந்துகினு இருக்குது. காத்து வேணுமாம். புடுங்கற வரைக்கும் ஆட்டைக் கட்டிப்போடறியா?"

"படல் கட்டறப்ப என்னைக் கேட்டா கட்டன?"

"அப்ப கோவம் இருந்துச்சு. இப்ப பயிருதான் கண்ணுக்குத் தெரியுது."

சாமியம்மாள் ஒடித்த தழையைச் சுமந்துகொண்டு, ஆடுகளை ஓட்டியபடி போய்விட்டாள். ஆனால் அதன்பிறகு ஆடுகளின் சத்தம் அவள் வீட்டுக் கொட்டகையிலிருந்து மட்டுமே கேட்டது. கனகம் உதிர்ந்த சருகைக் கூட்டிக் கொளுத்தினாள், கந்தகமும் போட்டாள். போன இலை போனதுதான். செடிகளின் நடுவில் விட்ட தளிர்கள் சுத்தமாக வந்தன.

ஒருநாள் காலை, கயிற்றை அறுத்துக்கொண்டு வந்த குட்டியொன்று வரப்போரம் நின்று அந்தத் தளிரை மென்றுகொண்டிருந்தது. கனகம் ஓடிப்போய் வாரித் தூக்கினாள். அதற்குள் "குட்டியைக் காணுமே!" என்று பதறிக்கொண்டு சாமியம்மாள் வரும் குரல் கேட்டது. கனகம் குட்டியின் வாய்க்குள் விரலை விட்டு இலைத் துணுக்கை எடுத்து எறிந்தாள்; முந்தானையால் அதன் உதட்டுப் பச்சையை அழுத்தித் துடைத்தாள்.

"ரோட்டுப் பக்கமா போய்க்கினு இருந்துச்சுக்கா, இந்தா" என்று நீட்டினாள்.