ஸ்ரீஜா கறுக்க வைத்த செம்பு

உலோகக் கடைக்காரனிடம் சரக்கைக் குறை சொன்னால், பெற்ற பிள்ளையைக் குறை சொன்ன மாதிரி. கடை வைத்துக் காய்ந்துபோன உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். மட்டாஞ்சேரியில் செம்பும் பித்தளையும் விற்கும் எனக்குக் கோபம் கொஞ்சம் கூடுதல்.

ஒரு சாண் வலை

ஆராய்ச்சி மாணவி ஸ்ரீஜா, திருப்பூணித்துறைக்காரி; வீட்டில் தமிழ், பேச்சில் மலையாளம் கலக்கும். ஒரே ஒரு சாண் செம்பு வலை கேட்டாள். "இதுக்கெல்லாம் யாரும்மா கத்தரி எடுப்பான்?" என்று எகிறினேன். அவள் அசையவில்லை. சூடான செம்பின் மேல் ஆல்கஹால் ஆவியை விட்டால் ஹைட்ரஜன் பிரியுமாம். அது இன்னும் வேகமாகப் பிரிய, கரண்ட் விட்டு செம்பின் மேல்பரப்பையே மாற்றப் போகிறாளாம். சொல்லிக்கொண்டே நான் சொன்ன விலையில் பாதிக்கு வந்து நின்றாள். பேரத்தில் நான் தோற்பது அபூர்வம்.

"அடுத்த வாரமும் வருவேன் அண்ணா. விலை இதுதான் கேட்டோ."

வார்னிஷ்

அந்தத் தைரியத்துக்கு மரியாதையாக, அடுத்த வலையைப் பளபளவென்று துலக்கி, கறுக்காமலிருக்க மெல்லிசாக வார்னிஷும் அடித்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அதே வலை என் மேசையில் வந்து விழுந்தது. கரண்ட் ஏறவே இல்லையாம். வெள்ளிக்கிழமைக்குள் ரிசல்ட் காட்டாவிட்டால், அவளுக்கு ஒதுக்கிய கருவி வேறு ஆளுக்குப் போய்விடும்.

"என் சரக்கிலயா குறை?" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அவள் நகத்தால் சுரண்டினாள். வார்னிஷ் செதில் செதிலாக உரிந்தது. கரண்டைத் தடுத்தது நான் அடித்த அந்தப் பூச்சுதான்.

"திட்டினது மதி, போதும் அண்ணா. வார்னிஷ் படாத வலை உண்டா, அதைச் சொல்லுங்கோ."

குமிழி

வெள்ளிக்கிழமை, வார்னிஷ் படாத வலையை நானே தேவராவில் இருக்கும் அவள் லேபுக்குக் கொண்டுபோனேன். கரைசலில் முக்கிக் கரண்ட் விட்டாள். என் செம்பு கரியாகக் கறுத்தது. கரண்டைத் திருப்பி விட்டதும் மங்கல் சிவப்பாக, சொரசொரப்பாக மீண்டது. அந்தச் சொரசொரப்பில்தான் வேலை நடக்க இடம் அதிகமாம்.

சூட்டுக் குழாய்க்குள் அதை வைத்து ஆவியை விட்டாள். முன்பு மேல்பரப்பை மாற்றாத வலைக்கு, தண்ணீரில் கவிழ்த்த குழாயில் ஒன்றிரண்டாகத்தான் வந்ததாம் ஹைட்ரஜன் குமிழி; இப்போது சரம்சரமாக ஏறியது. அவளுடைய சார் வந்து, "காத்து கசியுதோ?" என்றார். ஸ்ரீஜா ஆல்கஹாலை மட்டும் அடைத்தாள். குமிழி நின்றது; காற்றுக் கசிவென்றால் நின்றிருக்காது. திறந்தாள். மறுபடி சரம். அவர் தலையாட்டியதும் என் கை என் பேச்சைக் கேட்கவில்லை.

"கருவி உன்கிட்டயே இருக்கட்டும் ஸ்ரீஜா. முதல்ல இந்தச் சேட்டனை வெளியே கொண்டுபோ, கைதட்டித் தட்டி என் காது போச்சு!"

என்னை வெளியே போகச் சொன்ன இடங்கள் எத்தனையோ உண்டு. நான் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவது இந்த ஒன்றைத்தான்.