பொவோலி, போலேபோலே

எலும்பு முறிவுப் பிரிவில் அவளுக்குப் பெயர் நடையம்மா. கட்டிலோடு கிடப்பவர்களை எழுப்பி நடக்க வைப்பது அவள் உத்தியோகம். பிசியோதெரபிஸ்ட் என்று சொல்ல வாய் வராத யாரோ வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. கை காலைப் பிடித்து நீவும்போதே வாய் ஊர்க்கதை பேசும். பேச்சுக் கொடுத்தால் வலி பாதி மறந்துபோகும் என்பது அவள் அனுபவம். அதனால், பேசவே வழியில்லாத இரண்டு பேர் ஒரே அறைக்கு வந்து சேர்ந்ததும் அவளுக்குக் கை ஒடிந்த மாதிரி ஆகிவிட்டது.

இருவரும் ஒரே சரக்குக் கப்பல்காரர்கள். கரையில் இறங்கும்போது ஏணி சரிந்து, என்ஜின்காரருக்கு இடுப்பெலும்பு போனது, சமையல்காரருக்கு முழங்கால். என்ஜின்காரர் பேசுவது போலிஷ், சமையல்காரர் பேசுவது ஸ்வாஹிலி. கப்பலில் ஒருவர் அடித்தளத்தில், ஒருவர் அடுப்படியில். தட்டு நீட்டுவதற்கு மேல் அவர்களுக்குள் பேச்சு வார்த்தை இருந்ததில்லை.

நடையம்மா கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலியைக் கேட்டு, வேலைக்கு வேண்டிய சொற்களை மட்டும் மனப்பாடம் செய்தாள். மெதுவாக என்பதற்குப் போலிஷில் பொவோலி, ஸ்வாஹிலியில் போலேபோலே.

“ரெண்டும் ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பி மாதிரி இருக்குதுங்க,” என்று கணவரிடம் சொன்னாள். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்.

“எங்கிட்ட வர்றவங்களுக்கு ஒரே பாஷையில சொல்லியே ‘மெதுவா’ மண்டையில ஏறல. நீ ரெண்டு பாஷையில சொல்லப் போறியா?” என்றார்.

சமையல்காரர் சொன்னபடி கேட்டார். என்ஜின்காரர்தான் பிடிகொடுக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தால் படுத்ததுதான்.

ஒரு நாள் காலையில், சமையல்காரரை நடத்தி முடித்த கையோடு என்ஜின்காரரிடம் வந்தாள். கெஞ்சிக் கூத்தாடி எழுப்பி, வாக்கரைப் பிடிக்க வைத்தாள். முதல் அடியிலேயே அவர் தடுமாறினார். பதற்றத்தில் அவள் வாயில் முந்தைய கட்டிலின் சொல் வந்துவிட்டது.

“போலே, போலே!”

அவர் அப்படியே நின்றார். அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். “போலே?” என்று கேட்டவர், ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் புல் மண்டிய வெற்று நிலம் கிடந்தது. யாரும் சொல்லாமலே ஜன்னல் வரை நடந்தார். அங்கே நின்று பேச ஆரம்பித்தார். கையை இடுப்பு உயரத்துக்குக் காட்டினார், பிறகு நெஞ்சு உயரத்துக்கு. குரல் தழுதழுத்தது.

கட்டிலில் இருந்த சமையல்காரர் அதைக் கேட்டு மனம் இளகி, “போலே… போலே சானா,” என்றார். என்ஜின்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இன்னும் விலாவாரியாகச் சொன்னார். சமையல்காரர் மறுபடி “போலே” என்றார்.

நடுவில் நின்ற நடையம்மாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. “போலே போலேன்னா, எது போலேய்யா?” என்று தனக்குத்தானே முணுமுணுத்தாள்.

மத்தியானம் கைப்பேசியைக் கேட்டபோதுதான் குட்டு உடைந்தது. போலிஷில் போலே என்றால் வயல். ஸ்வாஹிலியில் அதை ஒருமுறை மட்டும் சொன்னால், கஷ்டப்படுகிறவருக்குச் சொல்லும் ஆறுதல். ஒருவர் தன் வயலைப் பற்றிச் சொல்லியிருக்கிறார், மற்றவர் துக்கம் விசாரித்திருக்கிறார்!

“சொல்லிடட்டுமா? சொன்னா மறுபடி சுவரப் பாத்துப் படுத்துடுவாரோன்னு பயமா இருக்கு,” என்றாள் கணவரிடம்.

“தப்பான கியர்லயாவது வண்டி நகர்ந்துச்சுல்ல? விடு.”

அவளுக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் கைப்பேசியை வைத்து இருவருக்கும் விளக்கினாள். என்ஜின்காரருக்குக் காது மடல் சிவந்தது. காரியம் கெட்டது என்று அவள் நினைத்தபோது, சமையல்காரர் கைப்பேசியை வாங்கி ஏதோ கேட்டார். அது தமிழிலும் போலிஷிலும் சொன்னது: அந்த வயல் இப்போது யாரிடம் இருக்கிறது?

தம்பி விற்றுவிட்டான், என்றார் என்ஜின்காரர்.

“போலே,” என்றார் சமையல்காரர். இந்த முறை இருவருக்கும் அது ஒரே சொல்லாக இருந்தது.

அதற்குப் பிறகு அறையில் பயிற்சியோடு பாடமும் நடந்தது. நடப்பேன் என்பதற்குச் சமையல்காரர் நி-டா-டெம்பேயா என்று விரல் மடக்கிக் காட்டினார். நி, நான். டா, இனிமேல். டெம்பேயா, நட. நடையம்மா அசந்துபோனாள். நட-ப்ப்-ஏன் என்று தமிழ் கடைசியில் கோப்பதை அது முதலில் கோத்திருந்தது. எலும்பு, மூட்டு எல்லாம் அதேதான், ஆள் மட்டும் தலைகீழாகப் படுத்திருக்கிறார்!

போலிஷ் வேறு ரகம். நடந்தேன் என்பதற்கு என்ஜின்காரர் ஷெட்வெம் என்றார். அவளும் அதையே சொன்னாள். அவர் சிரித்து, விரலை ஆட்டினார். ஆண் சொன்னால்தான் அது. பெண் சொன்னால் ஷ்வாம்.

“நடந்தது நான். அதுல ஆம்பள என்ன, பொம்பள என்ன?” என்று கேட்டாள். சமையல்காரர் அவள் கட்சி. ஸ்வாஹிலியில் அவனுக்கும் அவளுக்கும்கூட ஒரே சொல்தான். அதைக் கேட்டு என்ஜின்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். தமிழ் பேசும் இவள் இரண்டுக்கும் நடுவில். தன்னைச் சொல்லும்போது ஆண்பால் பெண்பால் பார்க்க மாட்டாள், அவன் அவள் என்று வந்தால் பார்ப்பாள்.

போலிஷில் மெய்யெழுத்துகள் கூட்டமாக வந்து மோதும்போது, “இதச் சொன்னா நாக்கு சுளுக்கிக்கும். அதுக்கு எங்கிட்ட வைத்தியம் இல்லப்பா,” என்று ஜகா வாங்குவாள். ஸ்வாஹிலி சுலபமாக ஏறியது. சொல்லெல்லாம் கடைசியில் உயிரெழுத்தில் வந்து வசதியாக உட்கார்ந்தது.

முழங்கால் முதலில் தேறியது. சமையல்காரர் வேறு கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார். என்ஜின்காரர் கைத்தடியோடு ஊர் திரும்பி, படகு பழுது பார்க்கும் பட்டறையில் வேலைக்கு அமர்ந்தார். இரண்டு பேரும் அவளுக்குக் குரல் செய்தி அனுப்புகிறார்கள், அவரவர் பாஷையில். அவள் பாதி புரிந்து, பாதி ஊகித்து, தமிழ் கலந்து பதில் போடுகிறாள்.

“யாருக்கு என்ன புரியுதுன்னே தெரியல,” என்பார் கணவர், காய் நறுக்கிக்கொண்டே.

“கொஞ்சம் சும்மா இருங்க, பதிவாகுது,” என்பாள் அவள்.