எதிர் வீட்டு நடிகை

பேருந்தில் பக்கத்துப் பெண்ணின் பவுடர் வாசனையில் ஜெசிந்தா அக்காவின் நினைவு வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் கிளம்பிய புதிதில், என் பத்து வயதில், முதலியார்பேட்டையில் எங்கள் எதிர் வீட்டுக்காரர். நாடகத்தில் சிரிப்பு வேஷம் கட்டியவர், சினிமாவிலும் நடிக்கத் தொடங்கியிருந்தார். தினமும் வந்து அம்மா மீன் ஆய்வதையும் பேசுவதையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

"இவ எதுக்குடி தெனம் வர்றா? உங்கப்பாவத்தான் நோட்டம் வுடறா. நீ பாத்துக்கினே இரு," என்றார் அம்மா.

நானும் பார்த்தேன். அக்கா அப்பா பக்கம் திரும்பியதேயில்லை.

அவர் நடித்த படம் வந்தது. திரையில் மீன்காரியிடம் பேரம் பேசி, முந்தானையை இரண்டு முறை உதறிச் செருகினார். அப்படியே என் அம்மா. கொட்டகையே சிரித்தது.

"நான் அப்டியாடி இருக்கேன்?" என்று அம்மா என் காதில் கேட்டார்.

"ஆமாம்மா."

அதன்பிறகு அக்கா வந்தால், அவர் போகும்வரை அம்மா கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார்.