அப்பா வளர்த்த கோழிக்குஞ்சு

என் மகனின் கைப்பேசி விளையாட்டுகளுக்கு மரியாதை தெரியும். சாப்பிடக் கூப்பிட்டால் நிறுத்திவிட்டு வருகிறான். அவையும் விட்ட இடத்திலேயே காத்துக் கிடக்கின்றன. நான் பாயான் பாருவில் தொடக்கப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்தபோது என்னிடம் இருந்தது அப்படிப்பட்ட சாது அல்ல. பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் அப்பா வாங்கித் தந்த முட்டை வடிவ பிளாஸ்டிக் பொம்மை அது. சின்னத் திரையில் ஒரு கோழிக்குஞ்சு இருக்கும். பசித்தால் பீப் பீப் என்று கத்தும். பொத்தானை அழுத்தித் தீனி போடவேண்டும், எச்சம் கழுவவேண்டும், விளையாட்டுக் காட்டவேண்டும். கவனிக்காமல் விட்டால் செத்துப்போகும்.

அண்ணன் வைத்திருந்த, கட்டைகள் விழும் விளையாட்டுப் பெட்டியைக்கூட வேண்டாமென்றால் அணைத்து வைக்கலாம். இதை அணைக்க வழியே கிடையாது. கண்டுபிடித்தவன் பிள்ளை வளர்த்து நொந்துபோனவனாகத்தான் இருக்கவேண்டும்.

பொம்மையைப் பள்ளிக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதால், முதல் குஞ்சு ஒரே நாளில் வீட்டு அலமாரியில் செத்துப்போனது. நான் அழுத அழுகையில் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“பொம்மைக்குப் போயி யாராச்சும் ஒப்பாரி வைப்பாங்களா?”

அப்பாதான் பொத்தானை அழுத்தித் திரையில் புது முட்டையைப் பொரிக்க வைத்தார். “குடும்மா, நான் பாத்துக்கறேன் லா,” என்று வாங்கி, வேலைக்குப் போகும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பினார். அவருக்கு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை.

அன்று வகுப்பில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆசிரியர் வாய்ப்பாடு கேட்டார். என் காதில் பீப் பீப் என்றே கேட்டது. மாலையில் படிக்கட்டுக்கும் மோட்டார் நிறுத்தும் இடத்துக்குமாக அலைந்தேன். அப்பா வந்து பொம்மையை நீட்டினார். குஞ்சு உயிரோடு இருந்தது மட்டுமல்ல, கொழுத்தும் இருந்தது. மறுநாளும் அப்படியே. அடுத்த வாரமும் அப்படியே. ஆனாலும் தினமும் அப்பா வந்து சேரும்வரை படிக்கட்டிலேயே நிற்பேன். அவருக்கு வேலை அதிகமாகி, மறந்துவிட்டால்?

ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது பெருமை தாங்காமல் அம்மாவிடம் சொன்னேன்.

“அப்பா காலையிலேருந்து குஞ்சுகூடவே வெளையாடிட்டு இருந்தாராம்மா. ஒரு தடவகூட தோக்கலையாம்.”

என்னைப் பெறும்வரை அம்மாவும் அதே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கரண்டியைக் கீழே வைத்தார்.

“அத உள்ள எப்படிங்க விட்டாங்க? கேட்லயே செக் பண்ணுவாங்களே.”

“பாக்கெட்ல கெடந்துச்சு லா,” என்றார் அப்பா, தட்டைப் பார்த்தபடி.

“தூசி படாம இருக்கக் குடுக்கற அந்த வெள்ள உடுப்புல பாக்கெட்டே கெடையாதுங்க. நானும் போட்டிருக்கேன்.”

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

“ஆளக் கொறச்சிட்டாங்க,” என்றார் கடைசியில். “போன மாசமே.”

“பகலெல்லாம் எங்க இருந்தீங்க?”

“பாடாங் கோத்தாவுல. கடலோரமா உக்காந்திருப்பேன்.”

அந்த நேரம் பார்த்துக் குஞ்சு கத்தியது. பெரியவர்கள் இருவரும் அசையவில்லை. பசியில் கத்துகிறதே, இவர்களுக்குக் காது கேட்கவில்லையா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அப்பாவின் சட்டைப்பையிலிருந்து நானே அதை எடுத்துத் தீனி போட்டேன்.

மறுநாளிலிருந்து அப்பா வீட்டிலேயே இருந்தார். பொம்மை மேசைமேல், அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. வகுப்பில் என் மனம் அடங்கியது. வாய்ப்பாடு முழுவதையும் தப்பில்லாமல் ஒப்பித்தேன். அம்மாவுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தார், துடைத்த அடுப்பையே மறுபடியும் துடைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசையில் முழந்தாளிட்டு, அப்பா இனி வேலைக்கே போகக்கூடாது என்று மாதாவிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். பக்கத்தில் அம்மாவும் கண்களை இறுக மூடி, உதடுகள் துடிக்க வேண்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேராகச் சேர்ந்து கேட்கிறோம், மாதா தட்டமாட்டார் என்று எனக்குத் தைரியமாக இருந்தது.