பதினொன்றாம் நம்பர் கம்பி

இசைக்குழுவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவர் மனைவி கேட்டதில்லை. "பதினொண்ணு வந்தாச்சா?" என்பார்கள். "பதினொண்ணுக்கு ஒரு டீ சொல்லு, சர்க்கரை கம்மியா" என்பார்கள். கல்யாணமான புதிதில் ஒத்திகைக்குக் கூடவே போய் மூலையில் உட்கார்ந்திருந்தவள், அது ஏதோ பழைய வீட்டின் கதவு எண் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். கேட்கக் கூச்சம். மூன்றாவது வாரம் டிரம்ஸ் வாசிப்பவர்தான் சொன்னார்.

"கிட்டார் கம்பியோட நம்பர், அண்ணி. ஊர்ல எல்லாரும் ஒன்பது போடுவாங்க, மிஞ்சினா பத்து. நம்ம அண்ணன் மட்டும் பதினொண்ணு. அந்தக் கைக்கு அதுக்குக் கீழ எதுவும் தாங்காது."

கம்பிகள் ஆறும் ஒரே உறையில்தான் விற்பனைக்கு வரும். ஆறிலும் மெல்லியது எவ்வளவு கனமோ அதுதான் உறையின் மேல் இருக்கும் எண். எட்டு என்றால் தலைமுடிக்கு அக்கா. பதினொன்று என்றால் விரல் நுனி காய்த்துப்போகிற கனம். கம்பியை இழுத்து வளைத்து, பாட வைத்து, அழ வைத்து வாசிக்கிறவர்களுக்கு ஒன்பது சுகம். தாளத்தோடு ஓங்கி அடிக்கிறவர்களுக்குக் கனமான கம்பி வேண்டும். மெல்லியதைப் போட்டால் அவர்கள் அடிக்கிற அடியில் அது கட்டுக்கடங்காமல் ஆடும், அழுத்துகிற அழுத்தில் சுருதி ஏறிவிடும்.

அவளுக்கு இது உடனே புரிந்தது. அவள் திரைச்சீலைக் கடையில் தையல்காரி. மெல்லிய துணிக்குத் தடித்த ஊசி போட்டால் வரிசையாக ஓட்டை விழும். தடித்த துணிக்கு மெல்லிய ஊசி போட்டால் ஊசி ஒடியும். "துணியைப் பார்த்து ஊசி. கையைப் பார்த்து கம்பி. அவ்வளவுதானே?" என்றாள். "இதைப் புரிஞ்சுக்க எனக்கு ஆறு வருஷம் ஆச்சு" என்றார் அவள் கணவர்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். பதினான்கு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் நான்கு லிஃப்டுகளுக்கும் அவரே பொறுப்பு. பகல் முழுக்க இரும்பு வடங்களோடும் எண்ணெய்ப் பிசுக்கோடும் கிடந்த கை, சனி ஞாயிறுகளில் கிட்டாரைப் பிடிக்கும். பிடித்த பிடியில் மேடை அதிரும். "அண்ணே, வாசிங்க. லிஃப்டைத் தூக்காதீங்க" என்று டிரம்ஸ்காரர் பின்னாலிருந்து கத்துவார். பாடுகிறவர் மறந்தாலும், கீபோர்டு குழம்பினாலும், அந்தத் தடித்த ஓசையைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் கரை சேர்ந்துவிடுவார்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு காலை கம்பி மாற்றும் வேலை. பழைய கம்பியைக் கழற்றியதும் அவளைக் கூப்பிட்டு, அவள் கட்டைவிரல் நகத்தைக் கம்பியின் அடிப்பக்கம் வைத்து மெல்ல இழுப்பார். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளின் மேல் கம்பியை அழுத்தி அழுத்தி, கட்டை பட்ட இடமெல்லாம் பள்ளம் விழுந்திருக்கும். நகம் தட்டித் தட்டிப் போகும்.

"எத்தனை?"

"பதினாலு... இல்ல, பதினஞ்சு."

"போன மாசம் நல்ல வேலை" என்பார், சம்பள உயர்வு வந்தவர் மாதிரி. அந்தப் பழைய கம்பிகளை அவள் நுனி வளைத்துக் கடைக்கு எடுத்துப் போவாள். திரைச்சீலையின் மடிப்புக்குள் கயிறு கோர்க்க அதைவிட நல்ல சாமான் கிடையாது.

பத்தொன்பது வருடம் இப்படியே போயிற்று. பிறகு ஒரு நாள் லிஃப்ட் குழிக்குள் ஸ்பானர் அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. மறுவாரம் சட்டைப் பொத்தானோடு ஐந்து நிமிடம் மல்லுக்கட்டினார். "பொத்தான் தச்சவ சரியில்ல" என்றார். தைத்தது அவள்தான். சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவள் பின்னால் பல தடவை நினைத்து நொந்துகொண்டாள்.

நரம்பு மருத்துவர் கோடு கோடாக ஏதோ ஒரு தாளைக் காட்டி, நல்லவிதமாகத்தான் சொன்னார். இடது கையில் ஆரம்பித்திருக்கிறது, அங்கேயே நிற்காது. எவ்வளவு வேகம் என்று சொல்ல முடியாது. மருந்து கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். திரும்பி வரும்போது பேருந்தில் அவர் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார்: "இடதா பார்த்து வந்திருக்கு." கம்பியை அழுத்துகிற கை அது.

அடுத்த ஒத்திகையில் டிரம்ஸ்காரர் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். "அண்ணே, கொஞ்ச நாளைக்கு ஒன்பது போட்டுப் பாருங்களேன். விரலுக்கு வலிக்காது."

"ஒன்பதைப் போட்டு நான் என்ன, தாலாட்டா வாசிக்கிறது?" என்றார். அதோடு விட்டிருக்கலாம். எல்லார் முன்னாலும் இன்னொன்றும் சொன்னார். "பதினொண்ணு முடியாத அன்னிக்குக் கிட்டாரைச் சுவத்துல மாட்டிட்டுப் போயிடுவேன். யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்."

அவர் சொன்னால் செய்கிறவர் என்று அவளுக்குத் தெரியும். சிகரெட்டை அப்படித்தான் ஒரே வாக்கியத்தில் விட்டார். கிட்டாரை மாட்டினால் அதற்குப் பிறகு அவர் எதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார் என்று யோசித்தாள். வேலையையும் அதற்குள் விட்டிருந்தார்.

கம்பி மாற்றும் வேலை அதற்குள் அவளிடம் வந்துவிட்டிருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, எத்தனை சுற்று, எங்கே வெட்ட வேண்டும் என்று கற்றுக்கொண்டிருந்தாள். ஒரு சனிக்கிழமை, பதினொன்று என்று அச்சிட்ட பழைய காலி உறையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு இசைக்கருவிக் கடைக்குப் போனாள்.

"இதுக்குள்ள பத்து போட்டுக் குடுங்க."

கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "ஏம்மா, யாரை ஏமாத்தப் பாக்குற? அந்த ஆள் தொட்ட உடனே கண்டுபிடிச்சிடுவான்."

"அவருக்கு இப்போ விரல் மரத்துப்போகுது. தெரியாது."

கடைக்காரர் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். உறையை வாங்கி, பத்தாம் நம்பர் சுருள்களை ஒவ்வொன்றாக உள்ளே வைத்து, புதுசு போல ஒட்டிக் கொடுத்தார்.

மறுநாள் மாட்டினாள். அவர் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். வாங்கி மடியில் வைத்து ஓர் அடி அடித்தார். கழுத்தின் தலைமாட்டுப் பக்கத்திலிருந்து கொரகொரவென்று ஒரு சத்தம், தையல் மெஷினில் நூல் சிக்கினாற்போல. அவர் இரண்டு தடவை அதே இடத்தை அடித்துப் பார்த்தார். "கம்பி புதுசுல்ல, படிஞ்சிடும்" என்று கிட்டாரைக் கீழே வைத்தார். மறுநாள் அவள் கடையிலிருந்து திரும்பியபோது வாசித்துக்கொண்டிருந்தார். கொரகொரப்பு இல்லை. படிந்துவிட்டது என்று அவள் ஆறுதல்பட்டாள்.

பத்தாம் நம்பரில் இரண்டு மாதம் மேடையில் வாசித்தார். இரண்டாவது மாதக் கடைசியில் ஒரு நிகழ்ச்சி முடிந்து, அவர் கீழே வண்டியில் உட்கார்ந்திருக்க, டிரம்ஸ்காரர் மண்டபப் படிக்கட்டில் அவளை நிறுத்தினார்.

"அண்ணி, சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு. என்னால வச்சிருக்க முடியல. நீங்க கம்பியை மாத்துன அன்னிக்கே எனக்கு ஃபோன் பண்ணிட்டாரு."

அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"கம்பி மெலிசானா இழுவை குறையும். கழுத்துக்குள்ள ஒரு இரும்புத் தண்டு இருக்கு, அது இன்னொரு பக்கம் இழுக்கும். கம்பி விட்டுக்குடுத்தா கழுத்து பின்னால வளைஞ்சிடும். அதான் அந்தச் சத்தம். நீங்க கம்பியை மட்டும் மாத்துனீங்க, தண்டைத் தளர்த்தல. 'அவ கடைக்குப் போனதும் வா, கால் சுத்து திருப்பி விடணும், எனக்குத் திருப்ப வரல'ன்னாரு. வந்து திருப்பினேன்."

"அப்போ... தெரிஞ்சேதானா?"

"தொட்டதுமே தெரிஞ்சிடுச்சாம். வேற ஒண்ணும் சொன்னாரு, அண்ணி." டிரம்ஸ்காரர் தரையைப் பார்த்தார். "'என் கைக்குப் பத்து போட்டா சுருதி ஏறணும்டா. ஏறல. அப்போ கை எவ்வளவு போயிருக்குன்னு பாத்துக்கோ'ன்னாரு."

வண்டியில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவருடைய இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதன் கனம் மாத்திரம் பழையபடி இருந்தது.

அவள் அவரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. உறையில் பதினொன்று என்று இருக்கும்வரை அவர் தன் வாக்கைக் காப்பாற்ற வேண்டிய அவசியமில்லை. அவ்வளவு தெளிவான ஏற்பாட்டைப் பேசிக் கெடுக்க இருவருக்கும் மனமில்லை. மூன்றாவது மாதம் ஒன்பது போட்டாள். இரண்டு நாள் கொரகொரத்தது, பிறகு நின்றது. "எந்தக் கடையில வாங்குற? நல்ல பதினொண்ணா இருக்கே" என்றார் ஒரு நாள், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். "உங்க வழக்கமான கடைதான்" என்றாள் அவளும்.

ஒன்பதில் அவர் வாசிப்பு வேறாக மாறியிருந்தது. ஓங்கி அடிக்க முடியாததால் ஒற்றை ஒற்றை ஒலிகளாக எடுத்து, நடுவில் இடம் விட்டு வாசித்தார். குழுவின் பாடகி, "இவ்வளவு நாள் இதை எங்கே ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்று கேட்டாராம். வீட்டுக்கு வந்து அதை நாலு தடவை சொன்னார்.

எட்டு போடும்போது மேடை நின்றுபோயிருந்தது. தோளுக்குக் கிட்டாரின் கனம் தாங்கவில்லை. கட்டிலில் சாய்த்து உட்கார வைத்து மடியில் கொடுப்பாள். ஆள்காட்டி விரல் ஒன்றுதான் பாக்கி. மூன்றாவது கம்பியில், ஏழாவது கட்டையில், ஒரே இடம். அதை அழுத்தி, வலது கையால் மெல்லத் தட்டுவார். அவள் சமையலறையில் நின்றபடி அடுத்தது வருகிறதா என்று காத்திருப்பாள். சில நாள் வரும்.

ஒரு பிற்பகல் தட்டிவிட்டு அவர் கேட்டார். பேச்சும் அப்போது குழறத் தொடங்கியிருந்தது.

"இதுக்குக் கீழ... என்ன நம்பர்?"

இத்தனை மாதங்களில் முதல் தடவை. அவள் போர்வையின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள்.

"கேட்டுப் பாத்தேன். எட்டுக்குக் கீழ அவங்க வச்சிக்கிறதில்லையாம்."

அவர் தலையசைத்தார். "நல்லாத்தான் ஏமாத்துன" என்றார்.

"நீங்களும் நல்லாத்தான் ஏமாந்தீங்க."

அவர் சிரித்ததில் இருமல் வந்தது. தண்ணீர் கொடுத்து முதுகைத் தடவினாள். அதன்பின் கிட்டார் கட்டிலுக்கு எதிரே நாற்காலியில் சாய்ந்தே இருந்தது. சுவரில் மாட்டச் சொல்லி அவர் கேட்கவில்லை. அவளும் மாட்டவில்லை. மழை ஆரம்பித்த வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மூச்சு நின்றுபோயிற்று.

நான்கு மாதம் கழித்து டிரம்ஸ்காரர் வந்தார். குழுவுக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள், சொந்தமாகக் கிட்டார் இல்லை, நன்றாக வாசிக்கிறாள் என்றார். கிட்டார் சும்மா சாய்ந்து கிடப்பதைவிட யாராவது வாசிக்கட்டும் என்று அவளேதான் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"இருங்க, பழைய கம்பியைக் கழட்டிடறேன்."

"அந்தப் பொண்ணு மாத்திக்குவா அண்ணி."

"நான்தானே மாட்டினேன்."

தரையில் உட்கார்ந்து திருகுகளைத் தளர்த்தினாள். கம்பிகள் லேசாகத் துருவேறியிருந்தன. கழற்றிய ஒவ்வொன்றையும் கட்டைவிரல் நகத்தை அடியில் வைத்து மெல்ல இழுத்துப் பார்த்தாள். முதல் கம்பி வழவழவென்று போயிற்று. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் பாதி தூரம் போய் நகம் எதிலோ லேசாகத் தட்டியது. திரும்பவும் இழுத்தாள். அங்கேதான். ஒன்று.

டிரம்ஸ்காரர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தக் கம்பியை மட்டும் வளைக்காமல், வெட்டாமல் சுருட்டி, பதினொன்று என்று அச்சிட்ட உறைக்குள் வைத்தாள். கிட்டாரைத் துடைத்துப் பைக்குள் இறக்கி, டிரம்ஸ்காரர் தோளில் மாட்டிவிட்டாள். வாசல்வரை போனவரைக் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"அந்தப் பொண்ணு என்ன நம்பர் போடுவா?"

"பத்துன்னு நினைக்கிறேன், அண்ணி."

"அப்போ கழுத்துத் தண்டைத் திருப்ப மறந்துடாதீங்க. இது எட்டுக்கு வச்சிருக்கு."