ஜெசிந்தா அக்காவும் பாழாப்போன தமிழ்ப் பக்கங்களும்

ஜெசிந்தா அக்கா போயிட்டாங்க.

முந்தாநேத்து காலைல அவங்க தங்கச்சி மோனிக்கா போன் பண்ணி, "அண்ணே... அக்கா எந்திரிக்கல"ன்னு மட்டும் சொன்னா. மாரடைப்புன்னு பிறகுதான் தெரிஞ்சது.

நேத்து சாயங்காலம் அவங்க ஊர் புன்னைக்காயல்ல அடக்கம் முடிஞ்சு வந்தேன். உக்காந்து டைப் பண்ணக்கூடத் தெம்பு இல்ல. ஆனா எழுதாம இருக்கவும் முடியல.

இங்க நிறைய பேருக்கு அவங்களைத் தெரியாது. தூத்துக்குடில ஒரு ஷிப்பிங் ஏஜென்ட் ஆபீஸ்ல வேலை. பகல் பூரா கன்டெய்னர் பேப்பர்.

அது போக இன்னொரு வேலை. கண்ணு தெரியாதவங்களுக்குக் கம்ப்யூட்டர் திரைல இருக்கிறதை வாசிச்சுக் காட்டுற ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. அதோட வெப்சைட்டைத் தமிழாக்குறது. ஊர் ஊரா இருக்கிற தன்னார்வலர்கள் சேந்து நடத்துற சைட். தமிழுக்குன்னு ஒரு வாட்ஸப் குரூப்பே உண்டு... உருப்படியா வேலை பாத்தது அக்காவும் நானும்தான்.

மோனிக்காவுக்குக் காலேஜ் படிக்கையில பார்வை போயிட்டு. அந்த சாஃப்ட்வேரை வச்சுத்தான் அவ திரும்பப் படிக்க ஆரம்பிச்சா. அக்கா இதுக்குள்ள வந்தது அப்படித்தான்.

எங்க முதல் பேச்சே சண்டை. கம்ப்யூட்டர்ல ஒயர் சொருகுற போர்ட்டை நான் அகராதி பாத்து "துறைமுகம்"னு போட்டிருந்தேன். "பிரெயில் கருவியைத் துறைமுகத்தில் செருகவும்"னு வரி.

உடனே அக்கா கிட்ட இருந்து போன். "ஏலே தம்பி, நான் இப்ப ஹார்பர் கேட்லதான் நிக்கேன். எங்கன செருகணும்னு சொல்லு, செருகிட்டுப் போறேன்."

போர்ட்னே இருக்கட்டும்னு முடிவாச்சு.

போன வருஷம் அந்த சைட்டைப் புது சிஸ்டத்துக்கு மாத்துனாங்க. மறுநாள் தமிழ்ப் பக்கம் ஒண்ணுகூடத் தமிழ்ல இல்ல. கொம்பு முளைச்ச இங்கிலீஷ் எழுத்து, கேள்விக்குறி, கட்டம்...

மோனிக்கா திறந்தப்போ அந்த மெஷின் குரல் அத்தனையையும் ஒண்ணு விடாம வாசிச்சிருக்கு. "அண்ணே, இது என்ன பாஷை?"ன்னு கேட்டா.

மாசக் கடைசிக்குள்ள சரியாகாத மொழிகளை சைட்ல இருந்து எடுத்துருவோம்னு சைட் நடத்துறவங்க கிட்ட இருந்து மெயில். குரூப்ல போட்டேன். கட்டைவிரலா வந்து குவிஞ்சுது. ஆள் வரல.

பேக்கப்ல வெறும் எழுத்து மட்டும் இருந்தது. தலைப்பு, லிங்க், பட விளக்கம் எல்லாம் கையாலதான் திரும்பப் போடணும். அக்கா ஒரு பக்கம் முடிப்பாங்க. மோனிக்கா காது குடுத்துக் கேட்டு, "இங்கன லிங்க் இருக்குன்னே சொல்லல", "இந்தத் தலைப்பு ரெண்டு தடவை வருது"ம்பா. நான் திருத்துவேன்.

முடிச்சோம். கெடு தாண்டல.

அடுத்த வாரமே இன்னொரு அப்டேட். எங்க கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. செஞ்சதுல பாதிக்கு மேல திரும்பவும் பூச்சி பூச்சியா நிக்குது.

அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அலுப்பா இருக்குலே... கோவம்கூட வரமாட்டேங்கு."

"விட்டுருவோமாக்கா?"

"விட்டா இவ எதை வச்சுப் படிப்பா? நீ போய் ஒரு டீ குடிச்சுட்டு வா. நான் அவங்களுக்கு எழுதுதேன்."

அக்கா எழுதினது பெரிய மெயில் எல்லாம் இல்ல. தமிழுக்கு நாங்க ரெண்டு பேருதான். ஒரு தடவை சரி பண்ணிட்டோம், இன்னொரு தடவையும் பண்ணுவோம். இனிமே கை வைக்கிறதுக்கு முன்னாடி எங்க கிட்ட சொல்லுங்க. இதைக் கேட்டுப் படிக்கிற ஆளுங்க இருக்காங்க... அவ்வளவுதான். எல்லா மொழிக்காரங்களும் பாக்குற மாதிரி பொது மெயில் லிஸ்ட்டுக்கே அனுப்பிட்டாங்க.

அதுக்குக் கீழ நேபாளிக்காரர் ஒருத்தர் எழுதினார், எங்களுக்கும் இதே கதிதான்னு. பிறகு சிங்களம். பிறகு பேர்கூடக் கேள்விப்படாத மொழிகள்.

சைட் நடத்துறவங்க மன்னிப்பு கேட்டாங்க. இப்ப எந்த மாத்தம்னாலும் முதல்ல ஒரு சோதனைப் பக்கத்துல போட்டு, எங்களைப் பாக்கச் சொல்லிட்டுத்தான் செய்யுதாங்க. எடுத்துருவோம்னு சொன்ன எந்த மொழியையும் எடுக்கல.

அழிஞ்ச பக்கங்களை அக்கா ஆபீஸ் சாப்பாட்டு நேரத்துல, டிபன் பாக்ஸைத் திறந்து வச்சுக்கிட்டே செஞ்சாங்க. சிரிச்ச முகமா எல்லாம் இல்ல. கண்ணைக் கசக்கிக்கிட்டு, திட்டிக்கிட்டு... "இதுதாம்லே கடைசி"ன்னு ஒவ்வொரு பக்கத்துக்கும் சொல்லிக்கிட்டு.

எல்லாப் பக்கமும் சரியாச்சு. இப்பவும் இருக்கு. யாரு வேணும்னாலும் திறந்து கேக்கலாம்.

நேத்து கோயில்ல பூசை முடிஞ்சு, பெட்டியை மூடப் போற நேரம். மோனிக்கா என் கையைப் பிடிச்சா.

"அண்ணே, அவ மூஞ்சி எப்படி இருக்கு?"

"தூங்குற மாதிரி இருக்கும்மா."

"எல்லாரும் அதையேதான் சொல்லுதாங்க. தொட்டுப் பாத்தேன், குளிர்ச்சிதான் தெரியுது. நீங்க சரியாச் சொல்லுங்க. அலுப்பு தெரியுதா?"

குனிஞ்சு பாத்தேன். ரெண்டு புருவத்துக்கும் நடுவுல ஒரு சுருக்கம். போகவே இல்ல.

"கொஞ்சம் தெரியுது"ன்னேன்.

தலையாட்டினா. பெட்டிக்குள்ள கையை விட்டு, தேடி, அந்த இடத்தை விரலால மெதுவா நீவி விட்டா. ரெண்டு மூணு பேரு அவளை விலக்க வந்தாங்க. விலகல. நீவிக்கிட்டே இருந்தா.

நல்லாப் படுத்துத் தூங்குங்கக்கா.