நியூட்ரல் கப்பல்

எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாவது வரை தெலுங்கில் படித்தவன் நான். தமிழ் எழுத்து ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தூர் சர்ச்சில் கற்றுக்கொண்டதுதான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கப்பலைப் பற்றியும் கம்ப்யூட்டரைப் பற்றியும் உங்களுக்கு என்ன தெரியும் என்று என் மனைவியே கேட்டாள். ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு டி.வி. பெட்டியின் முன்னால் என் அண்ணனின் முகம் மாறியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். அதை மட்டும் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் திருப்பதியில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். நான் லாரி ஷெட்டில் மெக்கானிக். அண்ணன் சரக்குக் கப்பலில் எஞ்சின் ரூம் ஃபிட்டர். வளைகுடாவில் இரண்டு நாடுகள் சண்டை போட்டுக்கொண்டிருந்த வருடங்கள் அவை. அண்ணனின் கப்பல் அந்த வழியாகத்தான் போய் வந்தது. “எங்களுடையது நியூட்ரல் கப்பல், பயம் வேண்டாம்” என்று கடிதத்தில் எழுதுவார். எனக்குத் தெரிந்த நியூட்ரல் கியர் பாக்ஸில் இருப்பது, அதில் போட்டால் வண்டி நகராது. அதனால் சண்டை முடியும்வரை கப்பலை எங்கோ ஓரமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அண்ணியிடமும் அப்படியே சொன்னேன். அவரும் பல மாதம் நிம்மதியாகத் தூங்கினார்.

லீவில் வந்த அண்ணன் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். “டேய், ரெண்டு பேர்ல யார் கட்சியும் இல்லன்னு அர்த்தம்டா. கப்பல் ஓடிக்கினுதான் இருக்குது.”

அன்றிலிருந்து அண்ணிக்குத் தூக்கம் போயிற்று. அவர் நகரிக்காரர். அவருடைய அண்ணன் அங்கே பவர்லூம் தறி ஷெட் வைத்திருந்தார். அதில் மெக்கானிக் வேலை தயாராக இருந்தது. இனிமேல் கப்பல் வேண்டாம், நகரிக்குப் போகலாம் என்பதுதான் அண்ணியின் பிடிவாதம். அண்ணன் அசையவில்லை. ரேணிகுண்டாவில் ஏறிப் பம்பாய் போகத் திங்கட்கிழமைக்கு டிக்கெட் எடுத்துவிட்டார்.

அவருடைய தைரியத்துக்கு ஒரு காரணம் இருந்தது. கடைசிப் பயணத்தில் சண்டைக்காரர்களின் படகு ஒன்று அவர்கள் கப்பலை வழிமறித்தது. என்ன கப்பல், எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள் என்று ரேடியோவில் கேட்டார்கள். பதில் சொன்னதும் வழி விட்டார்கள். சற்றுப் பின்னால் அதே வழியில் வந்த இன்னொரு கப்பலை விடவில்லை, சுட்டார்கள். அதுவும் நம் நாட்டுக் கப்பல், அதுவும் நியூட்ரல். அதில் சமையல்காரராக இருந்தவர் தமிழ் பேசுகிறவர். துறைமுகத்தில் இரண்டு கப்பல்களும் பக்கத்தில் நின்றபோது அண்ணனுக்கு ரசம் கொடுத்து அனுப்பியவர். அவர் உயிரோடு திரும்பவில்லை.

“எங்கள ஏன் உட்டானுங்க தெரியுமா?” என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் அண்ணன் கேட்பார். பதிலும் அவரே சொல்வார். “கொடி. மேல இருந்து பாத்தா தெரியற மாதிரி சரக்கு ரூம் மூடி மேல நானே பெயிண்ட் அடிச்சேன். சக்கரத்துக்குக் கயிறு கட்டி வட்டம் போட்டேன். பின்னால வந்த கப்பல்ல சரியா அடிக்கல.”

“கொடிதான் காப்பாத்துதுன்னா கொடிய மட்டும் அனுப்புங்க” என்பார் அண்ணி. “நீங்க நகரிக்கு வாங்க.”

எங்கள் வீட்டு மாடியில் காலேஜில் கணக்குச் சொல்லித்தரும் வாத்தியார் ஒருவர் குடியிருந்தார். புத்தூர்க்காரர், கல்யாணம் ஆகாதவர். வெளிநாட்டிலிருந்து உறவினர் ஒருவர் கொண்டுவந்த சின்னக் கம்ப்யூட்டர் அவரிடம் இருந்தது. அதை டி.வி.யோடு சேர்க்க வேண்டும். டேப் ரெக்கார்டர் கீச்சென்று கத்தக் கத்த, கேசட்டிலிருந்து ஆட்டம் ஏறும். கடல் சண்டை ஆட்டம் ஒன்றை அவரே எழுதியிருந்தார். கப்பல்காரர் வந்திருக்கிறாரே என்று, ஞாயிறு மதியம் சர்ச்சிலிருந்து திரும்பியதும் எங்கள் இரண்டு பேரையும் மேலே கூப்பிட்டார்.

கறுப்புத் திரைதான் கடல். நட்சத்திரக் குறிகள் எதிரிப் படகுகள், அவற்றை ஓட்டுவது கம்ப்யூட்டர். வட்டங்கள் நியூட்ரல் கப்பல்கள். அவற்றில் சில நமக்கு ரகசியமாகச் சரக்கு கொண்டுவரும், மற்றவை சும்மா கடந்து போகும். எதில் என்ன இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஒரு வட்டம் வந்தால் நிறுத்துவதா விடுவதா என்று அதுவே முடிவு செய்ய வேண்டும்.

அண்ணன் சிரித்துக்கொண்டே ஆடினார். இரண்டு வட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நட்சத்திரம் முதல் வட்டத்தை நெருங்கி, விட்டுவிட்டது. இரண்டாவதைப் பிடித்தது. அண்ணன் பொத்தானிலிருந்து கையை எடுத்தார்.

“சார், முன்னால போனத உட்டுச்சு. பின்னால வந்தத ஏன் புடிச்சுது?”

“அது மூணு விஷயம் பாக்கும்ணா. கப்பல் எவ்ளோ கிட்ட இருக்குது, கையில எத்தினி படகு சும்மா இருக்குது, இதுவரைக்கும் நிறுத்தினதுல நியூட்ரல்காரங்களுக்கு எவ்ளோ கோபம் ஏறியிருக்குது. மூணையும் பாத்தப்புறம் நிறுத்தறதும் உடறதும் சமமா வந்தா ஒரு நம்பர் எடுக்கும்.”

“இன்னா நம்பர்?”

“சும்மா ஒரு நம்பர். சீட்டுக் குலுக்கற மாதிரி. பாதிக்கு மேல வந்தா நிறுத்தும், கீழ வந்தா உட்டுடும்.”

“கொடி?”

“கொடி ஏமி லேதுண்ணா, ஒண்ணும் கெடையாது. எல்லா நியூட்ரலுக்கும் ஒரே வட்டம்தான்.”

“அந்த எடத்துல இருந்து மறுபடி போடுங்க.”

வாத்தியார் போட்டார். இந்தத் தடவை இரண்டையும் விட்டுவிட்டது. மறுபடி போடச் சொன்னார். முதல் வட்டத்தைப் பிடித்தது. மறுபடி. மறுபடி. அண்ணன் ஆடவே இல்லை. அந்த இரண்டு வட்டங்கள் வருவதையும் நட்சத்திரம் நெருங்குவதையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய டீயில் ஆடை படிந்துவிட்டது. வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“அந்த நம்பர எடுத்துட முடியுமா சார்?”

“எடுக்கலாம். எடுத்துட்டா, சமமா வர்றப்ப ஒண்ணு எல்லாத்தையும் நிறுத்தும், இல்ல எல்லாத்தையும் உட்டுடும். எது வேணும்னு நீங்க சொல்லுங்க.”

அண்ணனைச் சமாதானப்படுத்த நினைத்தோ என்னவோ, வாத்தியார் தொடர்ந்தார். “கொடியும் சேக்கலாம்ணா. பெரிய கொடின்னா உட்டுடுன்னு ஒரு வரி எழுதினா போதும்.”

“வேணாம் சார்” என்றார் அண்ணன். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “எங்க பின்னால வந்த கப்பல் கொடிதான் பெரிசு. அவங்க அடிச்சு மிஞ்சின பெயிண்ட்லதான் நான் அடிச்சேன்.”

வாத்தியாருக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கொஞ்ச நேரத்தில் கரண்ட் போயிற்று. இருண்ட டி.வி.யில் எங்கள் மூன்று பேரின் முகம் மங்கலாகத் தெரிந்தது. அண்ணன் அதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருடங்கள் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். ஏன் உட்டானுங்க என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ரசம் ஊற்ற வந்தால் மட்டும் தட்டை ஒரு நொடி பின்னால் இழுத்துக்கொள்வார், பிறகு நீட்டுவார். எனக்கும் ஏதோ ஒட்டிக்கொண்டது. மலை ரோட்டில் கவிழ்ந்த வண்டியை ஷெட்டுக்கு இழுத்து வருவார்கள். முன்னால் போன வண்டி தப்பித்ததே, இது மட்டும் ஏன் கவிழ்ந்தது என்று டிரைவர்கள் சுற்றி நின்று காரணம் பேசுவார்கள். நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்விடுவேன். அங்கே படுத்திருக்கும்போதும் அந்த இரண்டு வட்டங்கள் வந்துகொண்டே இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அண்ணி சோறு போட்டுவிட்டு அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை.

“இன்னிக்குக் கொடிக் கதை இல்லியா?”

“இல்ல.”

“மறந்துட்டீங்களா?”

“உங்க அண்ணன் ஷெட்டுல எத்தினி தறி ஓடுது?” என்று கேட்டார் அண்ணன்.

அண்ணி கரண்டியோடு நின்றுவிட்டார். அவர் கேட்டுக்கொண்டிருந்தது கிடைத்துவிட்டது. ஆனால் அவர் முகத்தில் சந்தோஷம் தெரியவில்லை. மாடியில் என்ன நடந்தது என்பதுபோல என்னைப் பார்த்தார்.

மறுநாள் காலையில் நான் ரேணிகுண்டாவுக்குப் போய் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு ஷெட்டுக்குப் போனேன். அண்ணனும் அண்ணியும் மதிய பஸ்ஸில் நகரிக்குப் போனார்கள்.